தலைக்குத் தண்ணி வார்க்கலாமுங்களா? படுக்கையில் இருப்பவருக்குத் தலை கழுவிவிடும் முறை

கட்டுத்தரையில் சாணி வழுக்கியோ, பாத்ரூம் ஈரத்தில் கால் பிசகியோ விழுந்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் எழுபது வயது அம்மாவிடம் நாலைந்து நாள் கழித்து "என்னங்க பண்ணுது?" என்று கேட்டுப் பாருங்கள். பல பேர் இடுப்பைச் சொல்வதற்கு முன்னால் தலையைச் சொல்வார்கள். "தலையெல்லாம் பிசுபிசுன்னு நாறுது கண்ணு." விழுந்த நாள், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, இதய டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை காத்திருந்த நாள், ஆபரேஷன், அதற்குப் பிந்தைய நாட்கள் என்று எண்ணினால் தலையில் தண்ணீர் பட்டுப் பத்து நாள்கூட ஆகியிருக்கும். செவ்வாய், வெள்ளி தவறாமல் எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுத் தண்ணி வார்த்துக்கொண்ட உடம்பு அது. ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) பார்க்க வந்தால் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போவார்கள். கூச்சத்தில் மூடிய கண் அது.

தலை கழுவிவிட்டால் எலும்பு சீக்கிரம் கூடிவிடாது. ஆனால் சுத்தமான தலையோடு இருப்பவர் நிமிர்ந்து உட்கார ஒத்துக்கொள்வார், வருகிறவர் முகத்தைப் பார்ப்பார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடாமல் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார். அடுத்த நாள் பிசியோதெரபி செய்பவர் வந்து வாக்கரைப் பிடிக்கச் சொன்னால் பிடித்துப் பார்க்க மனசு வரும். ஆபரேஷனுக்குப் பின் எழுந்து நடப்பதுதான் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தம் உறைதல் மூன்றையும் தள்ளி வைக்கிறது. ஆகவே இந்த வேலைக்கு ஒதுக்கும் முக்கால் மணி நேரத்தை வீண் செல்லம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. கூடவே ஒரு எச்சரிக்கை: அரைகுறையாகச் செய்தால் படுக்கை நனையும், கழுத்து வலிக்கும், குளிரில் பல் கிட்டும். அப்புறம் அவர் எதற்கும் "வேண்டாம் சாமி" என்றே சொல்வார். செய்தால் முறையாகச் செய்ய வேண்டும்.

யாருக்குச் செய்யக் கூடாது

தலையில் அடிபட்டவர், தலையில் தையல் உள்ளவர், மூளை ஆபரேஷன் ஆனவர், கழுத்து எலும்பில் அடி என்று சந்தேகம் உள்ளவர் ஆகியோருக்கு டாக்டர் சொல்லாமல் தலையைத் தொடவே கூடாது. தலையணையைத் தாழ்த்தினால் மூச்சு வாங்குபவர், காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல் (பழைய ஃபாரன்ஹீட் கணக்கில் 100.4) உள்ளவர், ரத்த அழுத்தம் நிலையில்லாமல் ஏறி இறங்குபவர் இவர்களுக்கு இன்றைக்கு வேண்டாம். கழுத்தில் பெரிய ரத்தநாள ஊசி போட்டிருந்தால் அந்தக் கட்டு நனையவே கூடாது. அவருக்குத் தண்ணீர் ஊற்றாத முறை உண்டு, பின்னால் வருகிறது.

இடுப்பில் தகடோ கம்பியோ வைத்தவரையும், இடுப்பு மூட்டின் பந்தை மாற்றியவரையும் ஒரே மாதிரி நகர்த்தக் கூடாது. பந்து மாற்றியவருக்கு, குறிப்பாகப் பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால், மூன்று விதிகள்: இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால்மேல் கால் போகக் கூடாது, பாதம் உள்பக்கம் திரும்பக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். கேஸ் ஷீட்டில் என்ன ஆபரேஷன் என்று படித்துவிட்டுப் பக்கெட்டைத் தூக்குங்கள். "உக்காந்துட்டாங்களே, நாற்காலியிலயே முன்னாடி குனிய வெச்சுக் கழுவிடலாம்" என்று வீட்டார் சொல்வார்கள். முன்னால் குனிவதுதான் இவர்களுக்குக் கூடாத காரியம். உட்கார முடிந்தவருக்கும் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்துத்தான் கழுவ வேண்டும்.

முதல் நாளே கேட்டுவிடுவது

இந்த வேலையில் மனசுக்குப் போய்ச் சேரும் பாதிப் பங்கு முதல் நாள் சாயங்காலமே நடந்துவிடுகிறது. கட்டிலோரம் நின்று, "ஆத்தா, நாளைக்கு வெடியால பதினோரு மணிவாக்குல தலைக்குத் தண்ணி வார்க்கலாமுங்களா?" என்று கேளுங்கள். கேட்கும்போது கையில் ஊசித் தட்டு இருக்கக் கூடாது. பல நாளாக அவர் சம்மதம் இல்லாமலே எல்லாம் நடந்திருக்கிறது: ரத்தம் எடுத்தார்கள், குழாய் போட்டார்கள், புரட்டினார்கள். "ஆகட்டும்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்ல அவருக்குக் கிடைக்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கலாம். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். மறுநாள் திரும்பக் கேளுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். "பதினாலாம் நம்பர்" என்று கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஈரோட்டுப் பக்கம் ஆத்தா என்றால் மனம் குளிரும் ஒருவருக்கு நாமக்கல்லில் அம்மாயி என்றால்தான் ஒட்டும். ஐம்பத்தெட்டு வயதுக்காரரைப் பாட்டி என்றால் சுருக்கென்று தைக்கும், அவருக்கு "அம்மா, ஏனுங்" போதும். வீட்டில் பேரப்பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கூட இருக்கும் மகளிடமோ மருமகளிடமோ கேட்டுக்கொண்டால் தப்பு வராது.

கிழமை பார்ப்பார்கள், அமாவாசை பார்ப்பார்கள். பார்க்கட்டும். வியாழனுக்குப் பதில் வெள்ளி செய்வதால் ஆஸ்பத்திரிக்கு ஒரு நட்டமும் இல்லை. "சளி புடிச்சுக்கும், ஜன்னி வந்துரும்" என்று பயப்படுபவர்களிடம் வாதம் வேண்டாம். சளியைக் கொண்டுவருவது கிருமி, ஈரத்தலை அல்ல. ஆனால் வயதானவருக்குக் குளிர் தாங்காது என்பது நிஜம், அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு, ஃபேனை நிறுத்தி, வெந்நீரில் செய்து, உடனே துவட்டிவிடுவோம் என்று சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். தையல் நனையுமோ என்று கேட்டால் ரப்பர் ஷீட்டை எடுத்துக் காட்டுங்கள்.

சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவது, சொல்லாமலே இருப்பதைவிட மோசம். உங்கள் ஷிஃப்ட் மாறுவதாக இருந்தால் ஒப்படைக்கும் நோட்டில் மருந்தோடு சேர்த்து இதையும் எழுதுங்கள்: "14, காலை 11, தலை கழுவ." அவசர கேஸ் வந்து முடியாமல் போனால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஆத்தா எட்டு மணியிலிருந்தே காத்திருப்பார்.

நேரமும் சாமான்களும்

காலைச் சாப்பாடு முடிந்து குறைந்தது ஒரு மணி நேரம் போகட்டும். நிறைந்த வயிற்றோடு தலையைத் தாழ்த்தினால் குமட்டும். வலி மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து ஆரம்பித்தால் நகர்த்தும்போது வலி தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கும் இன்சுலினுக்கும் முன்னால் முடிந்துவிட வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலினைப் போட்டுவிட்டுத் தலை கழுவ உட்கார்ந்தால், சாப்பாடு தள்ளிப்போய்ச் சர்க்கரை இறங்கிவிடும். பதினொன்றுக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் துவட்டி முடிப்பது தோதான கணக்கு.

தோள் வரை முடி என்றால் தண்ணீர் ஆறு லிட்டர் போதும், இடுப்பு வரை நீளம் என்றால் பத்து. பக்கெட்டில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரைக் கலக்குங்கள். சூடு 38 முதல் 40 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள், இதமாக இருக்க வேண்டும், சுள்ளென்று இருக்கக் கூடாது. வேலை செய்து காய்ப்பேறிய உள்ளங்கை சூட்டைச் சரியாகச் சொல்லாது. நடுவில் ஆறிவிடும் என்பதால் ஒரு லிட்டர் வெந்நீரை ஃபிளாஸ்கில் வைத்துக்கொள்ளலாம். அதைக் கட்டிலைவிட்டுத் தள்ளி வையுங்கள், அங்கேயே கலந்து எடுத்து வாருங்கள், தலைக்கு மேலே வைத்துக் கலக்காதீர்கள்.

மற்றவை: அழுக்குத் தண்ணீர் விழ ஒரு இருபது லிட்டர் பக்கெட், அதை வைக்கக் கட்டிலைவிடத் தாழ்ந்த முக்காலி, மூக்கு வைத்த மக் ஒன்று, ரப்பர் ஷீட் இரண்டு, துண்டு நான்கு, கண்ணுக்கு மடித்த சிறு துணி, காதுக்குப் பஞ்சு இரண்டு உருண்டை, அகலப் பல் சீப்பு, தேங்காய் எண்ணெய், ஷாம்பு. வார்டில் கெல்லி பேட் இருந்தால் நல்லது. காற்றடித்த ரப்பர் விளிம்பு கழுத்தைத் தாங்கும், தண்ணீர் தானாக வழிந்து பக்கெட்டுக்குப் போகும். இல்லையென்றால் ஒரு போர்வையை நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டி லாடம் போல வளைத்து, அதன்மேல் ரப்பர் ஷீட்டை விரித்து, திறந்த பக்கத்து ஷீட்டைப் பக்கெட்டுக்குள் தொங்கவிடுங்கள். அவ்வளவுதான், வாய்க்கால் தயார். வாய்க்கால் சரியாக ஓடத் தலைப்பக்கம் பள்ளமாக இருக்க வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தண்ணி கட்டியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோள்பக்கம் சற்று உயரமாக இல்லையென்றால் தண்ணீர் முதுகுக்குத்தான் ஓடும்.

அரப்பா, ஷாம்பா? உசிலை இலையைக் காயவைத்து இடித்த அரப்புதான் வேண்டும் என்று சில ஆத்தாமார் பிடிவாதமாக இருப்பார்கள். பொல்லாத ஆசை ஒன்றும் அல்ல. அந்த வாசம் தலையில் ஏறினால் வீட்டு வாசல் ஞாபகம் வரும். ஆனால் பொடியாக அப்பக் கூடாது. படுத்த நிலையில் அது மூக்குக்குள் போகும், கண்ணில் விழுந்தால் எரிச்சல் தாங்காது, முடிக்குள் தங்கிய நறநறப்பை அலசப் பத்து லிட்டருக்கு இருபது லிட்டர் பிடிக்கும். மூன்று ஸ்பூன் அரப்பை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். சீயக்காய்க்கும் இதே முறைதான். ஷாம்பு என்றால் ஒரு பாக்கெட்டை அரை மக் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். நேராகத் தலையில் ஊற்றினால் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு அலச நேரமாகும்.

சிக்கு

பத்து நாள் தலையணையில் உருண்ட முடி பின்பக்கம் சடைபோட்டிருக்கும். பொறுமை இழந்தவர்கள் கத்தரிக்கோலைத் தேடுவது இந்த இடத்தில்தான். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு முடிகூட வெட்டாதீர்கள். மயக்கத்தில் இருப்பவர் என்றால் வீட்டார் எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்பது வருடம் வளர்த்த கூந்தலை யாரோ "தொந்தரவாக இருந்தது" என்று வெட்டிவிட்டால், எலும்பு கூடிய பிறகும் அந்த வருத்தம் போகாது.

கழுவுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயைச் சிக்கின்மேல் விட்டு விரலால் பிரியுங்கள். நுனியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து சீப்பை இழுத்தால் சிக்கு கீழே இறுகிக் கட்டியாகிவிடும். சிக்குக்கும் மண்டைத்தோலுக்கும் நடுவில் முடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீவினால் இழுவை உங்கள் கையோடு நின்றுவிடும், தலை வலிக்காது. ஒரே தடவையில் முடியவில்லையென்றால் பாதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிரிக்கும்போதே தோலைப் பாருங்கள். பிடரியில், தலையணை அழுத்தும் இடத்தில் சிவந்திருக்கிறதா, ஆக்சிஜன் குழாய் உரசும் காதின் பின்பக்கம் புண்ணாகியிருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு மறையவில்லையென்றால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம், எழுதி வையுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

பேன் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுவிட்டால் இவ்வளவு செய்ததும் வீண். டாக்டர் எழுதிக்கொடுத்தால் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன்: கழுவித் துவட்டிய ஈரமுடியில் தடவிப் பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். ஈர் பொரித்து வரும் என்பதால் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் இன்னொரு முறை. தலையணை உறையையும் சீப்பையும் வெந்நீரில் போடுங்கள்.

நகர்த்துவதும் கழுவுவதும்

இரண்டு பேர் வேண்டும். ஒரு ஆளாகச் செய்ய முயன்றால் இடுப்புப் பிசகுவது அவருக்கோ உங்களுக்கோ நடக்கும். முதலில் கட்டில் சக்கரத்தின் பிரேக்கைப் போடுங்கள். பிறகு குழாய்களைப் பாருங்கள்: சிறுநீர்ப் பையை நகரும் பக்கத்துக்கு முன்பே மாற்றி மாட்டுங்கள், சலைன் குழாய்க்கு நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்த்திய பிறகு நினைவு வந்தால் அதற்குள் குழாய் இழுபட்டு அவர் கத்தியிருப்பார்.

கட்டிலின் தலைமாட்டுப் பலகை கழலும் வகை என்றால் அதைக் கழற்றிவிட்டு, ஆளை நேராக மேல்பக்கம் நகர்த்துவதே இடுப்பு நோயாளிக்கு உத்தமம். பலகை கழலாவிட்டால் கீழே விரித்திருக்கும் ஷீட்டோடு சேர்த்து உடம்பை முழுசாகக் குறுக்குச் சாய்வாக நகர்த்தித் தலையைக் கட்டில் ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள். தோளை மட்டும் இழுத்து இடுப்பை விட்டுவிட்டால் கால் உள்பக்கம் திரும்பும். தொடைகளுக்கு நடுவில் தலையணை கடைசிவரை இருக்கட்டும். எதிர்ப்பக்கத் தடுப்புக் கம்பி ஏறியிருக்கட்டும்.

தோளுக்கடியில் ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் ஒரு துண்டு, கழுத்தைச் சுற்றி இன்னொரு துண்டு. கழுத்துக்கடியில் மூன்று விரல் கனத்துக்குச் சுருட்டிய துணி. இந்தச் சுருட்டல்தான் உயிர்நாடி. தலை பின்னால் தொங்கினால் கழுத்து எலும்பின் வழியாக மூளைக்குப் போகும் ரத்தநாளம் நசுங்கக்கூடும், வயதானவர்களுக்கு அது பக்கவாதத்தில் போய் முடியலாம். தாடை கூரையைப் பார்த்து நிமிர்ந்திருந்தால் தலை அதிகம் தொங்குகிறது என்று அர்த்தம். உங்கள் ஒரு கை எப்போதும் பிடரிக்கு அடியில் இருக்கட்டும். தலை சுற்றுகிறது, இரண்டாகத் தெரிகிறது, நாக்குக் குழறுகிறது, கை மரத்துப்போகிறது என்று எதையாவது சொன்னால் அந்த நொடியில் நிறுத்தித் தலையைச் சமமாக வைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மார்பு வரை போர்வை, ஃபேன் நிறுத்தம், திரை இழுத்து மூடல். காதில் பஞ்சு வைக்கும்போது இரண்டு என்று மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். எடுக்கும்போதும் இரண்டு. ஒன்றை மறந்துவிட்டு, "ஆத்தாவுக்குத் திடீர்னு காது கேக்கலீங்க" என்று வீட்டார் வந்து நிற்பது நடக்கிற விஷயம்தான். காது மிஷின் போட்டிருந்தால் கழற்றி அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். கண்மேல் மடித்த துணி. பஞ்சும் துணியும் வைத்துவிட்டால் அவருக்குப் பாதி கேட்காது, ஒன்றும் தெரியாது. ஆகவே முதல் மக் தண்ணீரைச் சொல்லாமல் ஊற்றாதீர்கள். "இப்ப ஊத்தறனுங்க" என்று தோளைத் தொட்டுச் சொல்லுங்கள். முதலில் நெற்றியோரத்தில் கொஞ்சம் ஊற்றிச் சூடு போதுமா என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு தொடருங்கள்.

முழுக்க நனைய ஒன்றரை லிட்டர் பிடிக்கும். கரைத்து வைத்ததை ஊற்றி, நகம் படாமல் விரல் நுனியின் சதையால், நெற்றியோரத்தில் தொடங்கிப் பிடரி வரை வட்டமாகத் தேய்த்து வாருங்கள். மோதிரம் இருந்தால் முன்பே கழற்றிவிட வேண்டும். தலையில் புண்ணோ பேனோ சொறியோ இருந்தால் கையுறை போடுங்கள். இல்லாதபோது, ஆஸ்பத்திரி விதி தடுக்கவில்லையென்றால், கழுவிய வெறுங்கையே நல்லது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர்மேல் பட்டதெல்லாம் ரப்பரும் இரும்பும்தான். பிடரியில் மட்டும் அவசரப்படாமல் ஒரு நிமிடம் கூடுதலாகத் தேய்த்துவிடுங்கள். பத்து நாள் அழுந்திய இடம் அது. அந்த ஒரு நிமிடத்தில் பலர் பெருமூச்சு விடுவார்கள், சிலர் அழுவார்கள். அழுதால் "ஏன் அழறீங்க?" என்று கேட்டுக் கையை எடுக்காதீர்கள். தேய்ப்பதை நிதானமாகத் தொடருங்கள்.

அலச மூன்று லிட்டர். எண்ணெய் போகவில்லையென்றால் இரண்டாம் முறை, மறுபடி மூன்று. முடியை விரலுக்கு நடுவில் இழுத்தால் கிறீச்சென்று சத்தம் வரும், அப்போது நிறுத்தலாம். தண்ணீர் ஊற்றும் வேலை மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் கழுத்து களைத்துப்போகும்.

பேச்சு எதுவரை? அவர் பேசினால் பேசுங்கள். எருமை கன்று போட்டதா, வாய்க்காலில் தண்ணி விட்டார்களா, தறி ஓடுகிறதா என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். கூட நிற்கும் சிஸ்டரோடு அவர் தலைக்கு மேலே டூட்டிக் கணக்குப் பேசக் கூடாது. பில், இன்சூரன்ஸ், எந்த மகன் பணம் கட்டினான் என்பதும் இந்த நேரத்துப் பேச்சு இல்லை.

துவட்டுதல்

கடைசி மக் ஊற்றியதும் கழுத்துத் துண்டால் தலையைச் சுற்றிப் பிடித்து, ரப்பர் ஷீட்டை உருவி, ஆளைக் கட்டிலின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். உடனே எழுப்பி உட்கார வைக்காதீர்கள். வெந்நீர் பட்டு ரத்தநாளங்கள் விரிந்திருக்கும், சட்டென்று நிமிர்ந்தால் மயக்கம் வரும். ஐந்து நிமிடம் கிடக்கட்டும், பிறகு தலைமாட்டைப் படிப்படியாக உயர்த்துங்கள். நாடியை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் துண்டால் ஒற்றி எடுத்து, இரண்டாம் துண்டால் பிழிந்து துவட்டி, மூன்றாவதைத் தலையணைமேல் விரித்து முடியை அதன்மேல் பரப்பிவிடுங்கள். முக்கால்வாசி காய்ந்தபின் ஃபேனை மெதுவாக வைக்கலாம். வீட்டு வழக்கப்படி சாம்பிராணி காட்டலாமா என்று மருமகள் கேட்பார். வார்டில் கண்டிப்பாகக் கூடாது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் நெருப்பு ஒரு பொறிகூட வரக் கூடாது, புகை பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு இழுப்பைக் கொண்டுவரும். ஹேர் டிரையரும் ஆக்சிஜன் பக்கத்தில் வேண்டாம். சாம்பிராணியை வீட்டுக்குப் போய்க் காட்டிக்கொள்ளட்டும். படுக்கை விரிப்பு, நைட்டியின் கழுத்து, முதுகு மூன்றையும் கையால் தடவிப் பாருங்கள். எங்கே ஈரம் இருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். ஈர விரிப்பில் ஒரு மணி நேரம் கிடந்தால் தோல் ஊறிப் புண்ணுக்கு வழி ஆகிவிடும்.

சீவி முடித்தல்

வகிடு எந்தப் பக்கம், கொண்டையா பின்னலா என்று கேளுங்கள். படுத்திருப்பவருக்குப் பின்பக்கக் கொண்டை ஆகாது, பிடரியில் உருண்டையாகக் குத்தும். இரண்டு தளர்ந்த பின்னலாகப் போட்டுத் தோளுக்கு முன்னால் விட்டால் சிக்கும் பிடிக்காது. ஊசி, கிளிப் வேண்டாம், ரிப்பனோ நூலோ போதும்.

பொட்டு விஷயத்தில் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஆசையாகக் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துவிட்டு, பிறகு அவர் வீட்டுக்காரர் இல்லாதவர் என்று தெரிந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். அதற்காக, வெள்ளைச் சேலையைப் பார்த்தோ கழுத்தைப் பார்த்தோ எதையும் முடிவு கட்டவும் வேண்டாம். தாலியை ஆபரேஷனுக்காகக் கழற்றி வீட்டில் கொடுத்திருப்பார்கள். கணவர் இல்லாதவருக்கும் பொட்டு வைக்கப் பிரியம் இருக்கலாம். "திருநீறுங்களா, பொட்டுங்களா, ஒண்ணும் வேண்டாமுங்களா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் அவர் விருப்பத்தை அவரே சொல்வார். பூ வைக்க வேண்டுமென்றால் பொது வார்டில் ஒரு முழம் பரவாயில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடாது.

கண்ணாடியை நீட்டும் முன்பும் கேட்க வேண்டும். விழுந்தபோது முகத்தில் அடிபட்டுக் கன்றியிருந்தால் அவர் அதை இன்னும் பார்த்திருக்க மாட்டார். பார்க்கிறேன் என்றால் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள். பல்செட், மூக்குக்கண்ணாடி, காது மிஷின் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டிவிட்டுத்தான் வேலை முடிந்தது. இவை இல்லாமல் கிடக்கும் முதியவர்கள் ஆபரேஷனுக்குப் பின் சித்தம் குழம்பி, ராத்திரியில் "ஊட்டுக்குப் போறேன்" என்று குழாயைப் பிடுங்குவது அதிகம். அதற்குப் பகல் வெளிச்சமும் கிழமை ஞாபகமும்கூட மருந்து. "இன்னைக்கு வியாழனுங்க, கருங்கல்பாளையத்துல மாட்டுச் சந்தை" என்றால் ஈரோட்டுப் பக்கத்து அய்யா ஒருவருக்குத் தேதி சொல்வதைவிடச் சட்டென்று பிடிபடும்.

ஆண்களுக்கு இதே கவனிப்பு முகச் சவரத்தில் தேவைப்படும். ஒரு பிளேடு ஒரு ஆளுக்கு மட்டும். இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் உறையாமல் ஊசி போடுவார்கள், சிறு கீறலும் நிற்காமல் கசியும், எனவே முடிந்தால் டிரிம்மர். மீசையைக் கேட்காமல் தொடவே கூடாது. தோளில் போட்டுப் பழகிய துண்டு அழுக்காகியிருந்தால் துவைத்து, தலைமாட்டிலேயே போட்டு வையுங்கள்.

தண்ணீர் ஊற்ற முடியாதபோது

வெந்நீரில் பிழிந்த துண்டைத் தலையில் சுற்றி இரண்டு நிமிடம் வைத்துத் துடையுங்கள். நாலைந்து துண்டு மாற்றினால் பிசுக்கில் பாதி போய்விடும். தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்த துண்டு முதலில், வெறும் வெந்நீர்த் துண்டு பிறகு. வேகமாகச் செய்ய வேண்டும், துண்டு ஆறினால் குளிரும். ஒரு சிஸ்டருக்கு இருபது கட்டில் என்கிற நாளில் இதுதான் கைகொடுக்கும். அதற்கும் நேரம் இல்லையென்றால் சீவிப் பின்னிவிடுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும்.

வீட்டுக்குப் போன பிறகு

டிஸ்சார்ஜ் அன்று மகளையோ மருமகளையோ கூட நிறுத்தி ஒரு முறை செய்து காட்டுங்கள். வீட்டுக் கட்டில் தாழ்வாக இருக்கும், பக்கெட் உள்ளே போகாது. அகலமான பேசினை வையுங்கள், நிறைய நிறைய எடுத்துக் கொட்டுங்கள். ரப்பர் ஷீட் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். தோட்டத்து வீடு என்பதற்காக யூரியாச் சாக்கையோ பூச்சிமருந்து வந்த கவரையோ விரிக்கக் கூடாது, கழுவினாலும் அதில் மருந்து தங்கியிருக்கும். எண்ணெய் சொட்டிய தரையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், இன்னொரு இடுப்பு முறிவு வீட்டுக்கு வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் கவனிப்பும் தருகிறார்கள். ஊர் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, வருபவரிடம் இந்த நகர்த்தும் முறையை இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லலாம்.

கெல்லி பேடைக் கிருமிநாசினியில் துடைத்து, காற்றை இறக்கி, நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒட்டிக்கொண்டு அடுத்த முறை கிழியும். கேஸ் ஷீட்டில் நேரம், தோல் எப்படி இருந்தது, எப்படித் தாங்கினார் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு கட்டிலோரம் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் ஏழு தாள் தள்ளிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, அதை ஆத்தாவிடம் காட்டிவிட்டுப் போங்கள்.